ஆசிட் பங்களாவில் ஏழு வருஷம்

அணு என்ற சொல் மெஹபூப் பாஷாவின் காதில் விழுந்தபோது, அவர் அதை வைத்துப் பதினெட்டு வருஷம் பிழைப்பு நடத்தி முடித்திருந்தார். அது அவருக்குத் தெரியாது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அவருக்கு ஒரு கடை இருந்தது. காஸ் லைட்டுகளை வாடகைக்கு விடுவது தொழில். கலியாண ஊர்வலம், கோயில் உற்சவம், அரசியல் கூட்டம், எதுவானாலும் தலையில் விளக்கைச் சுமந்த ஆட்களுக்கு முன்னால் பாஷா நடப்பார். அந்த விளக்கின் உயிர் மேண்டிலில் இருந்தது. சின்ன வலைப் பை அது. ஒருமுறை பற்றவைத்ததும் நூலெல்லாம் எரிந்துபோய், வெள்ளைச் சாம்பல் மட்டும் பையின் வடிவத்திலேயே நிற்கும். அந்தச் சாம்பல் கூடுதான் வெளிச்சம் தரும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். பேண்டுக்காரர்கள் இடித்துத் தள்ளுகிற ஊர்வலத்தில்கூடப் பாஷா கட்டிய மேண்டில் உதிராது என்று வடக்கு மாட வீதியிலிருந்து லஸ் வரை பேர்.

1942-ல் அந்தப் பேரால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதி காலியானது. தெருவிளக்குகளுக்கே முக்காடு போட்டார்கள். வெளிச்சம் காட்டுவது குற்றமாகிவிட்ட ஊரில் வெளிச்சத்தை வாடகைக்கு விடுகிறவருக்கு என்ன வேலை இருக்கும்? மீதமிருந்த கலியாணங்களும் பட்டப்பகலில் சத்தமில்லாமல் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் நேராக எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பாஷாவின் மனைவி அஃப்சருன்னிசா ஆம்பூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்தாள். பாஷா கடையைப் பூட்டப் போன அன்றைக்குத்தான் பஞ்சாட்சரம் வந்தார். மூடிய கோட்டும் தலைப்பாகையுமாக இருந்த அவர் ரசாயனப் பேராசிரியர் என்பது பாஷாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"புது மேண்டில் வச்சிருக்கீங்களா? ஜெர்மனிச் சரக்கு?"

"நாலு பெட்டி கீது சார். வாங்கத்தான் ஆள் இல்ல. எந்தக் கலியாணத்துக்கு?"

"கலியாணம் இல்லை. தண்ணில ஊறப்போடணும்."

"ஊறப்போட்டா எரியாது சார்."

"எரிய வேண்டாம்."

பட்டணத்தில் பல பேருக்கு அப்போது புத்தி கலங்கியிருந்ததால் பாஷா அதிகம் ஆச்சரியப்படவில்லை. நாலு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரோடு ரிக்ஷாவில் ஏறினார். போகிற வழியில் பேராசிரியர் விளக்கினார். மேண்டில் துணியைத் தோரியம் என்ற உப்பில் தோய்த்திருப்பார்கள். அந்த உப்பு திருவாங்கூர்க் கடற்கரை மணலிலிருந்து எடுப்பது. மணல் கப்பலேறிச் சீமைக்குப் போய், உப்பாகி, மேண்டிலாகித் திரும்பி வரும். சண்டை வந்து சீமைச் சரக்கு நின்றுவிட்டதால், நம் மணலின் உப்பை நாம் பார்க்க வேண்டுமானால் கச்சேரி ரோட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்கூடம் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஒரு ஜமீன்தார் தானமாக விட்ட பழைய பங்களாவில் இருந்தது. அக்கம்பக்கத்தில் அதற்கு ஆசிட் பங்களா என்று பெயர். அங்கே பாஷா மேண்டில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டில் வைத்ததைப் பஞ்சாட்சரம் நின்று பார்த்தார். ஒரு நூல்கூட அறவில்லை. சாயங்காலமே அட்டெண்டர் வேலை கொடுத்துவிட்டார். கடைக்கு வந்தபோது 'நீங்க' என்றவர், வேலை கொடுத்ததும் 'நீ' என்றார். அஃப்சருன்னிசா ஆம்பூர் மூட்டையைப் பிரித்தாள்.

மேண்டில் தீர்ந்ததும் மணலே மூட்டை மூட்டையாக ரயிலில் வந்தது. அதை ஆசிட்டில் காய்ச்சி, கழுவி, வடிகட்டி, கடைசியில் பீங்கான் தட்டில் வெள்ளை உப்பாகப் படிய வைப்பது பாஷாவின் வேலை. தோரியத்தோடு கூடவே அந்த மணலில் இன்னொரு சரக்கும் உண்டு. அளவில் அணுவளவு, வீரியத்தில் ரேடியத்துக்குத் தம்பி. அதைப் பிரிக்க, உப்பைக் கரைத்துச் சுண்டவைத்து ஆறவைத்துப் படிகமாக்கி, மறுபடி கரைத்து, இப்படி நூறு தடவை செய்ய வேண்டும். எந்த நொடியில் அடுப்பை அணைப்பது என்பதற்குப் புத்தகத்தில் ஒரு சூத்திரம் இருந்தது. பாஷா தட்டின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்வார். சூத்திரம் சில நாள் தவறும். விரல் தவறாது.

அளந்து பார்ப்பது விஜயலக்ஷ்மியின் வேலை. அபிராமபுரத்திலிருந்து வரும் அவள் எம்.எஸ்ஸி. முடித்த ஆராய்ச்சி மாணவி. தனி அறையில் ஒரு பித்தளைப் பெட்டி. அதற்குள் மெல்லிய தங்க இலை ஒன்று தொங்கும். மின்சாரம் ஏற்றினால் இலை விலகி நிற்கும். வீரியமுள்ள சரக்கைக் கிட்டே கொண்டுபோனால் மெதுவாக விழும். எவ்வளவு வேகமாக விழுகிறதோ அவ்வளவு வீரியம். அவள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சின்னத் தூரதரிசினியில் ஒற்றைக் கண்ணால் பார்த்து எழுதுவாள். அந்தப் பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தது பாஷாதான். நல்ல விளக்கு ஒன்று கைக்குக் கிடைத்த மாதிரி அவருக்கு அதன்மேல் பிரியம்.

மூன்று வருஷம் ஆசிட் பங்களாவை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துத் தோப்புக்காரர் போட்ட மனுவைத் தவிர வேறு கடிதம்கூட வரவில்லை. அப்புறம் 1945 ஆகஸ்டில் ஜப்பானில் இரண்டு ஊர்கள் தலைக்கொரு குண்டில் போயின. பத்திரிகையில் அணு, யுரேனியம், தோரியம் என்று வந்தது. தோரியம் என்ற பெயரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பாஷா, கச்சேரி ரோட்டு டீக்கடையில் சாதாரணமாகச் சொன்னார்: "அதைத்தான் நான் தெனம் காய்ச்சிக்கினு கீறேன்."

மறுநாளிலிருந்து அவர் அணுகுண்டு பாஷா. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுச் சுவரையொட்டிச் சைக்கிளை நிறுத்த வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார். தெருக்குழாயில் அஃப்சருன்னிசாவுக்கு வரிசை விட்டுக்கொடுத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பஞ்சாட்சரத்துக்கு மாலைகள் விழ ஆரம்பித்தன. தியாகராய நகரில், திருவல்லிக்கேணியில், மயிலாப்பூரில் என்று வாரத்துக்கு ஒரு சொற்பொழிவு. முதல் கூட்டத்தில், ஒரு வண்டி மணலில் இருக்கிற சக்தி மதராசுக்கு ஒரு வருஷம் வெளிச்சம் தரும் என்றார். மூன்றாவது கூட்டத்தில் அது ஒரு படி மணலாயிற்று. ஐந்தாவது கூட்டத்தில் ஒரு கைப்பிடி. கூட்டம் பெருகப் பெருக மணல் குறைந்துகொண்டே போனது. மணல் சாடியை மேடையில் தூக்கிக் காட்டுவது பாஷாவின் பொறுப்பு.

மயிலாப்பூர்க் கூட்டத்தில், கைப்பிடி ஒரு சிட்டிகையாகிக்கொண்டிருந்த சமயத்தில் கரண்டு போய்விட்டது. ஜனங்கள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். பாஷா கச்சேரி ரோட்டுக்கு ஓடி, தூசி படிந்து கிடந்த காஸ் லைட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் ஏற்றி வைத்தார். மண்டபம் பகல் மாதிரி ஆனது. பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிர்காலத்தில் தோரியம் எப்படி ஒளி தரப்போகிறது என்பதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முன்வரிசையில் விஜயலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

கடைசியில், ராயப்பேட்டை அச்சாபீசில் வேலை பார்க்கும் நெட்டையான ஒருவர் எழுந்து கேட்டார்.

"ஜப்பான்ல அந்த ரெண்டு ஊர் ஜனங்களைக் கொல்றதுக்கு எத்தனை சிட்டிகை ஆச்சுங்க?"

"அது வேறே பொருள். அது யுத்தம். நாம பேசறது கண்ணுக்குத் தெரியாத சமாதான சக்தி."

"ரெண்டும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரியாதா, இல்லே வேறே வேறே மாதிரி தெரியாதா?"

சபை சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு நன்றி சொல்லி முடித்தார். பாஷா சாடியை மூடினார். அந்தக் கேள்வி மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலை, தங்க இலை வேலை செய்யவில்லை என்று விஜயலக்ஷ்மி திணறிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் எந்தச் சரக்கும் இல்லை. ஆனாலும் இலை விழுந்துகொண்டேயிருந்தது. ராத்திரி முழுக்கச் சரக்கைக் காய்ச்சிவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்த பாஷா துணியோடு வந்து துடைக்கக் குனிந்தார். இலை சடாரென்று சாய்ந்தது.

"பாஷா, அப்படியே ரெண்டடி பின்னாடி போங்கோ." அவள் கண்ணைத் தூரதரிசினியிலிருந்து எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம். கதவுகிட்டே. ம். இப்போ கிட்டே வாங்கோ." நிமிர்ந்தாள். "நீங்கதான்."

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. நீங்க காய்ச்சற சரக்குலேர்ந்து ஒரு வாயு வரது. அது ஒடம்புல, துணில எல்லாம் படிஞ்சுடறது. அந்தச் சட்டையை வெளில போய்க் கழட்டி, ஒரு தட்டுல வெச்சுக் குடுக்கறேளா?"

பாஷா அன்றைக்கு ஆசிட் கறைபட்ட கோணித் துண்டைப் போர்த்திக்கொண்டு வேலை பார்த்தார். அவள் சட்டையைப் பெட்டிக்கு எதிரில் வைத்து மணிக்கொரு தரம் அளந்தாள். பத்தரை மணி நேரத்தில் வீரியம் சரிபாதி. அடுத்த பத்தரை மணியில் அதிலும் பாதி. மூன்றாம் நாள் புள்ளிகளை, பாதி பாதியாகக் குறைவது நேர்கோடாக விழும் லாக் வரைபடத்தாளில் வைத்து ரூலரால் இணைத்தாள். ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு விலகவில்லை.

"இந்த மூணு வருஷத்துல இப்படியொரு கோடு நேக்கு வந்ததே இல்லை," என்று அவள் அவரிடம் காட்டினாள். பாஷாவுக்கு அது வெறும் கோடுதான். ஆனாலும் தன் சட்டையிலிருந்து வந்தது என்பதால் கொஞ்சநேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

பஞ்சாட்சரத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு உணர்ச்சிகள் வந்தன. வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்தார். பாஷாவைப் பார்த்து எரிச்சலடைந்தார். "இனிமே நீ அந்த ரூம் பக்கம் வரக்கூடாது. கருவியைக் கெடுத்துடுவே," என்றார். அந்த வரைபடத்தை வைத்து அவர் எழுதிய கட்டுரை சீமைப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதில் சட்டை 'வாயு படிந்த பருத்திப் பரப்பு' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பரப்புக்குள் யார் இருந்தார் என்று எழுதவில்லை. விஜயலக்ஷ்மியின் பெயர் அடிக்குறிப்பில் இருந்தது. அவள் ரங்கநாதன் தெருவில் ஒரு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். அது ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.

அறைக்குள் வரக்கூடாது என்றதுதான் பாஷாவைச் சுட்டது. அவர் துடைத்த பெட்டி, அவரே அதற்கு ஆகாதவர். வாசல்வரை வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

ஒருநாள் அப்படி நின்றபோது விஜயலக்ஷ்மி வெளியே வந்தாள். "கையைக் காமிங்கோ." வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் பாளம் பாளமாக வெடித்திருந்தன. நகம் குறுக்கே வரிவரியாகப் போயிருந்தது.

"வலிக்கறதா?"

"வலிச்சாத் தேவலை. ஒண்ணும் தெர்ல. மரத்துப்போச்சு."

அமெரிக்காவில் கடிகாரத்துக்கு ரேடியம் பூசிய பெண்களுக்குத் தாடை எலும்பு அரித்துப்போனதை அவள் நூல்நிலையத்தில் படித்திருந்தாள். அதை அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. தட்டை விரலால் தொடக்கூடாது, இடுக்கியால் பிடிக்க வேண்டும், வேலையில்லாத நேரம் சரக்கிடமிருந்து எட்ட இருக்க வேண்டும் என்றாள். "எட்ட எட்டப் போனா வீரியம் சடசடன்னு குறைஞ்சுடும். ஈயம் நடுவுல இருந்தா இன்னும் நல்லது." பாஷா அன்றைக்கே பழைய ஈயத் தகடுகளை உருக்கிக் கனமான ஒரு பெட்டி வார்த்து, முடிந்த சரக்கையெல்லாம் அதில் வைத்து மூடினார். இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடியும்.

ஆனால் விரலுக்கு அது பிந்திய யோசனை. 1947 மழைக்காலத்தில் ஆள்காட்டி விரலில் ஆறாத ஒரு புண் வந்தது. அஃப்சருன்னிசா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இந்த மாதிரிப் புண்ணு லேசுல ஆறாது. ரேடியம் வச்சாத்தான் சரியாகும். அது கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஆமா, நீ என்ன வேலை பண்றே?"

"அந்த மாதிரிதான் சார் ஒண்ணு காய்ச்சறேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ராத்திரி சரியாகத் தூங்குகிறாரா என்று அஃப்சருன்னிசாவிடம் கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் விஜயலக்ஷ்மி தானே அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அந்தச் சரக்கைத் தொட்டதால் வந்த புண்ணுக்கு அதையே வைக்கச் சொல்லாதீர்கள் என்றாள். ஒரு வாரத்தில் சர்ஜன் ஒருவர் ஆள்காட்டி விரலை நடுக்கணுவோடும் நடுவிரலை நுனியோடும் எடுத்தார். புண் ஆறியது.

அந்த மாதம் பஞ்சாட்சரம் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று, டில்லிக்கு. இந்த மாகாணத்திலேயே மிக உக்கிரமான கதிரியக்கப் பொருள் எங்களிடம் உள்ளது, உயிராபத்துக்கு நடுவே உழைக்கிறோம், அரசாங்கம் எங்களை ஆதரிக்க வேண்டும். இன்னொன்று, பங்களாவை நிர்வகிக்கும் ஜமீன் டிரஸ்டிகளுக்கு. கூடத்தில் ஆபத்தான பொருள் எதுவும் கிடையாது, அட்டெண்டரின் காயம் அவனுடைய கவனக்குறைவால் நேர்ந்தது, ஆகவே ஊழியக் காயத்துக்கான விடுப்பு பொருந்தாது. இரண்டையும் தட்டச்சு செய்யும் பொறுப்பு விஜயலக்ஷ்மிக்கு வந்தது. அவள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனாள்.

"சார், ஒரு சந்தேகம். தப்பித்தவறிக் கவர் மாறிப் போயிடுத்துன்னா என்ன ஆகும்?"

"எப்படி மாறும்?"

"நான்தானே சார் கவர்ல போடறேன்."

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் அல்ல. தன் ஆராய்ச்சியால் யாருக்கும் தீங்கு வராது என்று உண்மையாகவே நம்பியவர், அந்த நம்பிக்கைக்குப் பாஷாவின் விரல் இடைஞ்சலாக இருந்தது. டிரஸ்டிகளுக்கு எழுதியதைக் கிழித்துவிட்டு, 'பணியின்போது ஏற்பட்ட காயம்' என்று ஒரு வரி எழுதித் தந்தார். எதனால் என்று எழுதவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. பாஷாவுக்கு மூன்று மாதம் விடுப்புக் கிடைத்தது.

அந்த விடுப்பில்தான் அஃப்சருன்னிசாவின் அக்கா மகள் நஸ்ருன்னிசாவுக்கு நிக்காஹ் வந்தது. சண்டை முடிந்து, வெளிச்சத்துக்கு இருந்த தடையெல்லாம் போய்விட்டிருந்தது. பாஷா கடையிலிருந்த இருபது விளக்கையும் துடைத்து வைத்துக்கொண்டு, சீமையிலிருந்து மறுபடி வரத் தொடங்கியிருந்த மேண்டிலில் இருபது வாங்கிக் கட்ட உட்கார்ந்தார். முதல் மேண்டில் முடிச்சுப் போடும்போதே நழுவியது. இரண்டாவதைக் கட்டிப் பற்றவைத்து, சாம்பலாகி நின்றதும், மீதமிருந்த குட்டை விரல் இடித்துப் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மூன்றாவதும் அப்படித்தான். அஃப்சருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அடுத்ததை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் கட்டினாள். இருபதில் பதினேழு நின்றன. ஊர்வலத்தில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பாஷா மட்டும் மூன்று விளக்குக் குறைகிறது என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தார்.

1949-ல் டில்லிக்குப் போன கடிதம் பலித்தது. பஞ்சாட்சரத்துக்கு வடக்கே பெரிய பதவி கிடைத்தது. ஆராய்ச்சிக் கூடத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. வழியனுப்பு உபசாரத்தில் அவர் பாஷாவின் தோளில் கைவைத்து, "நீ இல்லாட்டி இந்தக் கூடமே இல்லை," என்றார். புகைப்படம் எடுத்தபோது பாஷா பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். டிரஸ்டிகள் பங்களாவை மூடத் தீர்மானித்தார்கள். தோரியம், ரேடியம் போன்ற சரக்கெல்லாம் இனி சர்க்கார் கட்டுப்பாட்டில் என்று முந்தின வருஷமே சட்டம் வந்திருந்தது. ஆகவே அதையெல்லாம் எடுத்துப் போகப் பம்பாயிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளம் வயது, சலவை மடிப்புக் கலையாத உடை, கையில் தோல்பை.

விஜயலக்ஷ்மி பட்டியலை வாசித்தாள். அதிகாரி டிக் அடித்துக்கொண்டு வந்தார். கடைசியாகப் பாஷா ஈயப் பெட்டியைத் திறந்தார். ஏழு வருஷத்தில் வந்த மூட்டை மணலெல்லாம் சுண்டி, உள்ளே நாலு சின்னக் கண்ணாடிக் குழாய்களில் உப்புப் போல இருந்தது.

"கண்ணாடிக் குழாய் நாலு, சரி. இந்தப் பெட்டி லிஸ்டில் இல்லையே?"

"அது எங்க அட்டெண்டர் செஞ்சது. குழாயை அதோட கொண்டு போறதுதான் நல்லது," என்றாள் விஜயலக்ஷ்மி.

"லிஸ்டில் இல்லாததை நான் எடுக்க முடியாது மேடம். தவிர, இந்தக் கனத்தை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது?" அவர் குழாய்களைப் பஞ்சில் சுற்றித் தோல்பையில் வைத்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "இந்தப் பொருள்களைக் கையாள்வதில் தனிப் பயிற்சி உள்ளவர் யாராவது இங்கே உண்டா?"

கையெழுத்துப் போட வந்திருந்த டிரஸ்டியின் குமாஸ்தா முந்திக்கொண்டார். "புரொபசர் ஒருத்தர்தான் சார். அவர் போயிட்டார்."

அதிகாரி 'இல்லை' என்று எழுதினார். விஜயலக்ஷ்மி அந்தப் பேனா நகர்வதைப் பார்த்தாள். "அது தப்பு," என்றாள். "இவருக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சதைவிட நன்னாத் தெரியும். கேட்டுக்கோங்கோ."

அதிகாரி பாஷாவைப் பார்த்தார். பாஷா தோல்பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டியே பிடித்திருந்தார். பின்னால் சாமான் வைக்கும் இடத்தைத் திறந்து, மூலையில் வைத்தார்.

"சார், இது இங்கயே இருக்கட்டும். ரயில்லயும் உங்க சீட்டுகிட்ட வெக்காதீங்க. எவ்ளோ எட்ட வெக்கிறீங்களோ அவ்ளோ நல்லது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் சொல்றேன்." சொல்லிவிட்டு வலது கையை அவர் முன் நீட்டினார்.

அதிகாரி விரல்களைப் பார்த்தார். பிறகு, கை குலுக்கத்தான் நீட்டுகிறார் என்று எண்ணி, பெருந்தன்மையாகக் குலுக்கினார்.

"கவலைப்படாதே. இதன் மதிப்பு எனக்குத் தெரியும். சர்க்கார் சொத்து, பின்னால் போட்டுவிட்டு அசட்டையாக இருக்க முடியுமா?" என்று சொல்லி, பையைத் தாமே எடுத்து வந்து, முன் ஆசனத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

கார் அடையாற்றுப் பாலத்துப் பக்கம் திரும்பியது. பாஷா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பம்பாய் எவ்ளோ நேரம்மா?"

"மெயில்ல ஏறினா ஒரு ராத்திரி, ஒரு பகல். அதுக்கு மேலயும் ஆகும்."

பாஷா தலையை ஆட்டினார். "இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி எழுதிக் கொடும்மா. ஸ்டேஷன்ல வண்டி கெளம்பறதுக்குள்ள சைக்கிள்ல போய்க் குடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போய்க் காகிதத்தைத் தேடினாள். எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருந்ததால் எழுத எதுவும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு பழைய வரைபடத்தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, ஆபத்து என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டு, மடித்துக் கொடுத்தாள். பாஷா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

சென்ட்ரலில் அதிகாரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பை மடியிலேயே இருந்தது. கடிதத்தை வாங்கிப் படித்தார், இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு பையைத் தூக்கி ஆசனத்துக்கு அடியில், சரியாகத் தம் காலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, போதுமா என்பதுபோல் பார்த்தார்.

பாஷா, இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று கையைக் காட்டினார். வண்டி நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், அதிகாரி எழுந்து பையை எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் கொண்டுபோய் வைப்பது தெரிந்தது. அங்கே வேறொருவர் படுத்திருந்தார்.